பிளாஸ்டிக்குக்குப் பதில் காகிதம்... ஆனா காகிதம் நிஜமாவே 'பசுமை'தானா? கரும்புச் சக்கை டூ பொள்ளாச்சி தோப்பு - முழு விளக்கம்

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த பேக்கரிக்குப் போனாலும் பப்ஸ், பன் எல்லாம் இப்போது பழுப்பு நிறக் காகிதக் கவரில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவும் குறிப்பிட்ட சில பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அதன்பிறகு 'பேப்பர்னா இயற்கைக்கு நல்லது' என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

ஆனால், அந்தக் காகிதம் எங்கிருந்து வருகிறது? அதற்கு எவ்வளவு மரம் வெட்டணும்? எவ்வளவு தண்ணீர் போகும்? அந்தத் தண்ணீர் கடைசியில் எந்த ஆற்றில் கலக்கும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. கொங்கு மண்டலத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலுமே எல்லாம் இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காகிதம் எப்படித் தயாராகிறது? சிக்கல் எங்கே?

மரமோ, கரும்புச் சக்கையோ, வைக்கோலோ எதுவாக இருந்தாலும் அதில் இரண்டு முக்கியமான பொருட்கள் உண்டு. ஒன்று செல்லுலோஸ். இதுதான் காகிதத்துக்குத் தேவையான நார். இன்னொன்று லிக்னின். நார்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருக்கும் பசை என்று இதைச் சொல்லலாம்.

காகித ஆலையின் முதல் வேலை, இந்தப் பசையைக் கரைத்து நாரைத் தனியாகப் பிரிப்பது. காஸ்டிக் சோடா போன்ற ரசாயனங்களோடு சேர்த்துப் பெரிய கலன்களில் வேகவைப்பார்கள். வெந்ததும் கிடைப்பது கூழ். கூடவே வெளியேறும் கறுப்பு நிறத் திரவத்துக்கு 'கருங்கழிவுச் சாறு' என்று பெயர். பழுப்பாக இருக்கும் கூழை வெளுத்து, தண்ணீரில் கலந்து, சல்லடையில் பரப்பி, அழுத்தி, காயவைத்தால் காகிதம் ரெடி.

சிக்கல் நான்கு இடத்தில் இருக்கிறது. முதலாவது, மூலப்பொருள். இரண்டாவது, தண்ணீர். மூன்றாவது, வெளுப்பதற்குப் பயன்படும் குளோரின். நான்காவது, வேகவைக்கவும் காயவைக்கவும் ஆகும் எரிபொருள். உலக அளவில் தொழில்துறை வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 2 சதவீதம் இந்தத் துறையின் பங்கு என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை.

இந்தியர் ஒருவர் ஆண்டுக்குப் பயன்படுத்தும் காகிதம் சராசரியாக சுமார் 15 கிலோ. உலக சராசரி 50 கிலோவுக்கும் மேல். அதாவது நம் தேவை இனிமேல்தான் ஏறப்போகிறது. அதனால்தான் ஆலைகள் எந்த வழியில் போகின்றன என்பது இப்போதே முக்கியம்.

மரத்துக்குப் பதில் சக்கை: கரூர் காட்டிய வழி

1979ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒரு காகித நிறுவனத்தைத் தொடங்கியது. பெயர், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். சுருக்கமாக டி.என்.பி.எல். கரூர் மாவட்டம் புகளூர் பக்கம், காவிரிக்கு அருகே ஆலை அமைந்தது. உலக வங்கியின் கடனுதவியும் கிடைத்தது. 80களின் நடுவில் உற்பத்தி தொடங்கியது. ஆலையைச் சுற்றி உருவான ஊருக்கே 'காகிதபுரம்' என்று பெயர்.

இதில் என்ன விசேஷம்? முக்கிய மூலப்பொருளாக மரத்தை நம்பாமல், கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையை எடுத்துக்கொண்டதுதான். அந்தக் காலத்தில் சக்கையிலிருந்து பெரிய அளவில் செய்தித்தாள் காகிதம் தயாரிப்பது உலக அளவிலேயே பெரிய பரிசோதனை.

ஒரு சர்க்கரை ஆலை 100 டன் கரும்பை அரைத்தால், ஏறத்தாழ 30 டன் ஈரச் சக்கை மிஞ்சும். வழக்கமாக ஆலைகள் இதைத் தங்கள் பாய்லரில் போட்டு எரித்து நீராவி எடுக்கும். 'உங்க சக்கையை எங்களுக்குக் கொடுங்க, உங்க பாய்லருக்கு வேற எரிபொருள் நாங்க தர்றோம்' என்பதுதான் டி.என்.பி.எல். சர்க்கரை ஆலைகளோடு போட்ட ஒப்பந்தத்தின் சாரம்.

இதே மாதிரி ஏற்பாடு ஈரோட்டுக்கு எதிர்க்கரையிலும் உண்டு. காவிரிக்கு அந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் இருக்கிறது சேஷசாயி காகித ஆலை. 1960இல் தொடங்கப்பட்ட நிறுவனம். பக்கத்திலேயே ஓடப்பள்ளியில் பொன்னி சர்க்கரை ஆலை. அங்கே கரும்பு அரைத்தால், இங்கே சக்கை வரும். காகித ஆலையில் சுத்திகரித்த தண்ணீர் திரும்பவும் கரும்புத் தோட்டத்துக்குப் போகும். சுற்றிச் சுற்றி வரும் ஒரு வட்டம்.

அப்போ சக்கைதான் தீர்வா?

அவ்வளவு சுலபமில்லை. சக்கையிலும் நாலு சங்கடங்கள் உண்டு.

ஒன்று, சக்கையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நார் இல்லாத சோறு. அது காகிதத்துக்கு ஆகாது. அதைப் பிரித்தெடுத்து பாய்லரில் எரிக்க வேண்டும்.

இரண்டு, கரும்பு அரவை வருடத்தில் சில மாதம்தான். காகித ஆலையோ 365 நாளும் ஓடணும். அதனால் சக்கையை மலை மாதிரி குவித்து, தண்ணீர் தெளித்து ஈரமாகவே சேமிக்கிறார்கள். இந்தக் குவியலைக் கழுவிய தண்ணீரில் சர்க்கரைச் சத்தும் அங்ககக் கழிவும் ஏராளம். அப்படியே ஆற்றில் விட்டால் மீன் சாகும். டி.என்.பி.எல். இதற்கு ஒரு வழி கண்டது. இந்தக் கழிவுநீரை மூடிய கலன்களில் நொதிக்கவைத்து மீத்தேன் வாயு எடுக்கிறது. நம்ம ஊர் சாண எரிவாயு மாதிரியேதான், அளவுதான் பெரிது. அந்த வாயு சுண்ணாம்புச் சூளையில் ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரிகிறது. செலவு வைத்த கழிவு, எரிபொருளாக மாறிவிட்டது.

மூன்று, சக்கைக்குப் போட்டி. இப்போது பல சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்துத் தாங்களே மின்சாரம் தயாரித்து விற்கின்றன. அதில் வருமானம் வரும்போது, சக்கையை ஏன் காகிதத்துக்குக் கொடுக்கணும் என்ற கேள்வி வருகிறது. மழை பொய்த்தாலும், கரும்பு விலை கட்டுப்படியாகாவிட்டாலும் விவசாயி வேறு பயிருக்கு மாறிவிடுவார். மடத்துக்குளம் அருகே கிருஷ்ணாபுரத்தில் இருக்கும் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலையே கண்முன் உதாரணம். இயந்திரங்கள் பழசாகி அரவை தடைபட, ஆலையைப் புதுப்பிக்கச் சொல்லி விவசாயிகள் குரல் கொடுத்து வருகிறார்கள். கரும்பு இல்லையென்றால் சக்கையும் இல்லை.

நான்காவதுதான் முக்கியமானது. சக்கையைக் கொடுத்த சர்க்கரை ஆலை, பதிலுக்கு எதை எரிக்கிறது? நிலக்கரியை எரித்தால் மரம் மிஞ்சும், ஆனால் கரியமில வாயு கூடும். ஒரு பக்கம் லாபம், இன்னொரு பக்கம் நஷ்டம். 'சக்கைக் காகிதம்' என்ற ஒற்றை வார்த்தையை வைத்து பசுமை என்று முத்திரை குத்திவிட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். மொத்தக் கணக்கையும் பார்க்கணும்.

பவானி சொன்ன பாடம்: சிறுமுகையில் என்ன நடந்தது?

கோவை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையில், பவானி ஆற்றங்கரையில், தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை இயங்கியது. மரக்கூழிலிருந்து ரேயான் இழை தயாரித்த ஆலை அது. காகிதம் இல்லை என்றாலும், மரத்தை ரசாயனத்தில் வேகவைத்துக் கூழாக்கும் அதே தொழில்தான். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது.

அதன் கழிவு பவானியில் கலந்து, பவானிசாகர் அணை வரை போனது. 90களில் மீன்கள் செத்து மிதந்தன. மீனவர்களும் விவசாயிகளும் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். கடைசியில் ஆலை மூடப்பட்டது. ஆறு தப்பியது. ஆனால், அத்தனை தொழிலாளர்களும் வேலையை இழந்தார்கள்.

இதில் ஜெயித்தது யார்? ஒருத்தரும் இல்லை என்பதுதான் உண்மை. கழிவைச் சுத்திகரிக்க முதலிலேயே பணம் போட்டிருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், வேலையும் பிழைத்திருக்கும். காகிதத் துறையைப் 'பசுமையாக்கணும்' என்று சொல்வது மரத்துக்காக மட்டும் இல்லை. அந்த ஊர்க்காரர்களின் பிழைப்புக்காகவும்தான்.

தண்ணீர், குளோரின்: விதிமுறை என்ன சொல்கிறது?

2003இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாசு அதிகமுள்ள தொழில்களுக்கு ஒரு சாசனம் கொண்டுவந்தது. அதில் பெரிய காகித ஆலைகளுக்கு இலக்கு வைத்தார்கள். 1992க்கு முன் தொடங்கிய ஆலைகள், ஒரு டன் காகிதத்துக்குச் செலவாகும் தண்ணீரை இரண்டு ஆண்டுகளில் 140 கனமீட்டருக்குக் கீழும், நான்கு ஆண்டுகளில் 120 கனமீட்டருக்குக் கீழும் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த ஆலைகளுக்கு 100 கனமீட்டர். ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். அதாவது ஒரு டன் காகிதத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் என்பதே அப்போது 'நல்ல இலக்கு'. நவீன ஆலைகள் இப்போது அதற்கும் வெகு கீழே வந்துவிட்டன.

குளோரின் விஷயம் இன்னும் தீவிரமானது. கூழை வெளுக்க நேரடியாகக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினால், மிச்சமிருக்கும் லிக்னினோடு சேர்ந்து டயாக்சின் போன்ற நச்சுகள் உருவாகும். இவை எளிதில் அழியாது. மீனுக்குள் போய், மீன் வழியாக மனித உடலுக்கும் வரும். அதனால் குளோரின் வாயுவுக்குப் பதில் குளோரின் டை ஆக்சைடு, ஆக்சிஜன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று மாற்று முறைகள் வந்தன. தமிழ்நாட்டில் டி.என்.பி.எல். போன்ற பெரிய ஆலைகள் குளோரின் வாயு இல்லாத இந்த முறைக்கு மாறிவிட்டன.

அந்தக் கறுப்புச் சாறு என்ன ஆகிறது? அதைச் சுண்டவைத்துத் தனி பாய்லரில் எரிக்கிறார்கள். லிக்னின் எரிந்து நீராவியும் மின்சாரமும் தருகிறது. சாம்பலிலிருந்து ரசாயனத்தை மீட்டுத் திரும்பவும் பயன்படுத்துகிறார்கள். இந்த மீட்பு வசதி இல்லாத சின்ன ஆலைகள்தான் ஒரு காலத்தில் நாடு முழுக்க ஆறுகளைக் கறுப்பாக்கின. மீட்கும்போது மிஞ்சும் சுண்ணாம்புச் சேற்றையும், பாய்லர் சாம்பலையும் வைத்து டி.என்.பி.எல். வளாகத்திலேயே சிமெண்ட் தயாரிக்கிறது.

சுத்திகரித்த தண்ணீர் பாசனத்துக்குப் போவதிலும் கவனம் தேவை. அதில் சோடியம் உப்பு இருக்கும். வருடக்கணக்கில் பாய்ச்சினால் மண் இறுகும், உவர் ஏறும். மண் பரிசோதனை, வடிகால், ஜிப்சம் இடுவது என்று பராமரித்தால்தான் நிலம் தாங்கும். எல்லாப் பயிருக்கும் இந்தத் தண்ணீர் ஒத்துவராது.

மரம் எங்கிருந்து வருது? காட்டை அழிக்கிறாங்களா?

இது பலருக்கும் இருக்கும் சந்தேகம். 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை இதில் ஒரு கோடு போட்டது. காட்டை நம்பி இருக்கும் தொழிற்சாலைகள், தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும், சலுகை விலையில் காட்டு மரம் கிடையாது என்பதுதான் அதன் சாரம். அதன்பிறகு ஆலைகள் விவசாயியைத் தேடி வந்தன. சவுக்கு, தைலமரம், சவுண்டல், மலைவேம்பு எல்லாம் வயலுக்கு வந்தது இப்படித்தான்.

இதற்கான ஆராய்ச்சியின் மையமும் கோவை மாவட்டம்தான். மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரியும், கோவையில் மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனமும் சீக்கிரம் வளரும் சவுக்கு, தைலமர ரகங்களை உருவாக்கியுள்ளன. அதே நிலத்தில் கூடுதல் மரக்கூழ் கிடைத்தால், காட்டின் மேல் அழுத்தம் குறையும் என்பது கணக்கு.

இன்னொரு சுவாரசியமான விஷயம், முதுமலை. அங்கே அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட மஞ்சள் பூ மரமான சென்னா ஸ்பெக்டாபிலிஸ், காடு முழுக்கப் பரவி, புல்லையும் உள்ளூர்ச் செடிகளையும் வளரவிடாமல் செய்தது. யானைக்கும் மானுக்கும் தீவனம் குறைந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டது. பிறகு இந்த மரங்களை வெட்டி எடுத்துக் கூழாக்கும் வேலை டி.என்.பி.எல்.லுக்குத் தரப்பட்டது. காட்டுக்குத் தொல்லையான மரம், நோட்டுப் புத்தகமாகிறது. ஆனால் வெட்டினால் மட்டும் போதாது, வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். வெட்டிய இடத்தில் உள்ளூர் மரங்களும் புல்லும் வளர்ந்தால்தான் வேலை முழுமை.

பழைய அட்டைப்பெட்டியின் மறுபிறவி

இந்தியாவில் தயாராகும் காகிதத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் கழிவுக் காகிதத்திலிருந்துதான் வருகிறது. மரமும் சக்கையும் மீதிதான். கோவை, உடுமலை, மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கும் கிராஃப்ட் காகித ஆலைகள் பெரும்பாலும் இந்த வகை. திருப்பூர் பனியன் போகும் அட்டைப்பெட்டியும், பொள்ளாச்சி தேங்காய் எண்ணெய் போகும் பெட்டியும் இந்தப் பழுப்புக் காகிதத்தில் செய்தவைதான்.

இங்கே வேகவைக்கும் வேலை இல்லை, வெளுக்கும் வேலையும் பெரும்பாலும் இல்லை. தண்ணீரும் எரிபொருளும் குறைவு. ஆனால் இதிலும் ஒரு எல்லை உண்டு. ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் நார் குட்டையாகும். ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது. அதனால் எங்கோ ஓரிடத்தில் புது நார் சேர்ந்தே ஆகணும்.

இன்னொரு தலைவலி, கழிவுக் காகிதத்தோடு வரும் பிளாஸ்டிக். செல்லோடேப், லேமினேஷன், பாலித்தீன் பை எல்லாம் ஆலையில் தனியாகக் குவியும். அதைத் திறந்தவெளியில் எரித்தால் சுற்றியுள்ள ஊருக்கே நச்சுப் புகை. முறைப்படி சிமெண்ட் சூளைக்கு அனுப்பினால் ஆபத்து குறைவு.

ஏனுங்க, தேங்காய் மட்டையில பேப்பர் செய்ய முடியாதுங்களா?

பொள்ளாச்சியில் மலைபோல் குவியும் உரிமட்டையைப் பார்த்தால் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். பதில், முடியும். ஆனால் கட்டுப்படி ஆகாது.

காரணம் லிக்னின். கரும்புச் சக்கையில் லிக்னின் சுமார் 20 சதவீதம்தான். தென்னை நாரிலோ 40 சதவீதத்துக்கும் மேல். அதனால்தான் தேங்காய்க் கயிறு தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் மக்குவதில்லை. அந்தப் பசையைக் கரைக்க ரசாயனமும் வெப்பமும் நிறைய வேண்டும், கடைசியில் கிடைக்கும் கூழோ கொஞ்சம். நார்க்கழிவு இன்னும் மோசம், அதில் நாரே அவ்வளவாகக் கிடையாது.

அதனால் தென்னை நாருக்கு மெத்தை, கயிறு, மண் அரிப்பைத் தடுக்கும் விரிப்பு. நார்க்கழிவுக்குச் செடி வளர்க்கும் கட்டிகள். அதுதான் பொருத்தமான வழி. எந்தக் கழிவு எதற்கு உகந்தது என்று பார்ப்பதும் சுற்றுச்சூழல் கணக்கின் ஒரு பகுதிதான்.

அப்போ தென்னைக்குப் பதில் சவுக்கு போடலாமா?

பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் வேர் வாடல் நோயால் தென்னைகளை வெட்டிச் சாய்க்கும் நிலைமை. வெள்ளை ஈ தொல்லை வேறு. அடுத்து என்ன பயிர் என்று யோசிக்கும் விவசாயிகளுக்கு, காகித ஆலை மரமும் ஒரு வாய்ப்பாகத் தெரிகிறது. முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை இவை:

* சவுக்கு 3 முதல் 4 ஆண்டில் வெட்டுக்கு வரும். தைலமரம் 4, 5 ஆண்டு. இடையில் தென்னை மாதிரி மாத வருமானம் கிடையாது.
* சவுக்கு வேர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். அது நல்லது. தைலமரம் மறுதாம்பு விடும், ஆனால் நிலத்தடி நீர் குறைந்த இடத்தில் நெருக்கமாகப் போட்டால் கிணற்றுக்கு ஆபத்து.
* மலைவேம்பு காகிதத்துக்கும் போகும், 6, 7 ஆண்டு விட்டால் பிளைவுட்டுக்கும் போகும். வாங்குபவர் இரண்டு பேர் இருப்பது விவசாயிக்குப் பலம்.
* ஆலையோடு ஒப்பந்தம் என்றால் குறைந்தபட்ச விலை, வெட்டுக்கூலி யார் பொறுப்பு, வண்டி வாடகை யார் தலையில் என்று எழுத்தில் வாங்குவது அவசியம். வெட்டும் கூலியும் லாரி வாடகையும்தான் லாபத்தைத் தின்னும்.
* மலைப்பகுதிக் கிராமங்களில் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அங்கே அனுமதி இல்லாமல் மரம் வெட்ட முடியாது.
* பி.ஏ.பி. பாசனத்தில் இருக்கும் நல்ல நிலம் முழுவதையும் மரத்துக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. வரப்பிலும், தண்ணீர் பத்தாத பகுதியிலும் முதலில் போட்டுப் பார்க்கலாம்.

நாம என்ன செய்யலாம்?

பேப்பர் கப்பில் டீ குடிப்பது பசுமை என்று நினைத்தால், அது தவறு. அந்தக் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். சாதாரண காகித ஆலையில் அதைப் பிரிப்பது கஷ்டம். 2019இல் வந்த தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலிலேயே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் உண்டு. கண்ணாடி கிளாஸ், எவர்சில்வர் டம்ளர், பாக்குமட்டைத் தட்டு இவைதான் நம்ம ஊர் மாற்று.

வீட்டில் பழைய பேப்பரையும் அட்டைப்பெட்டியையும் ஈரக் குப்பையோடு சேர்க்காதீர்கள். எண்ணெய் பட்ட, ஈரமான காகிதம் ஆலைக்கு ஆகாது. தனியாக வைத்துப் பழைய பேப்பர்க் கடையில் போட்டால் உங்களுக்கும் காசு, ஆலைக்கும் மூலப்பொருள். பெட்டியை மடிக்கும் முன் செல்லோடேப்பை உரித்துவிட்டால் இன்னும் நல்லது.

பளிச்சென்ற வெள்ளைக் காகிதம் எல்லாவற்றுக்கும் தேவையா என்றும் யோசிக்கலாம். வெளுக்காத பழுப்புக் காகிதத்துக்கு ரசாயனமும் தண்ணீரும் குறைவு. தாளின் இரண்டு பக்கமும் எழுதுவது, பயன்படுத்திய கவரை மறுபடி பயன்படுத்துவது என்று நம்ம பாட்டிமார் செய்ததெல்லாம் இன்றும் செல்லுபடியாகும்.

சுருக்கமா சொல்லணும்னா...

* காகிதம் பிளாஸ்டிக்கைவிட சீக்கிரம் மக்கும். அதனால் மட்டுமே அது பசுமை ஆகிவிடாது.
* கரும்புச் சக்கை மரத்தைக் காப்பாற்றும். ஆனால் சர்க்கரை ஆலை பதிலுக்கு எதை எரிக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்கணும்.
* கழிவுநீரைச் சுத்திகரிப்பதை ஆலை தள்ளிப்போட்டால் ஆறும் போகும், வேலையும் போகும். சிறுமுகை அதற்குச் சாட்சி.
* நம் நாட்டுக் காகிதத்தின் பெரும்பங்கு பழைய காகிதத்திலிருந்தே வருகிறது. அதைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுப்பது நம் கையில்.
* மரம் வளர்க்க நினைக்கும் விவசாயி, ரகத்தையும் தண்ணீரையும் ஒப்பந்தத்தையும் பார்த்துவிட்டு இறங்கினால் நஷ்டம் குறையும்.

அடுத்த முறை பேக்கரியில் அந்தப் பழுப்புக் கவரை வாங்கினால், பப்ஸ் சாப்பிட்ட கையோடு கசக்கி எறியாதீர்கள். எண்ணெய் படாமல் இருந்தால் மடித்து வையுங்கள். இன்னும் நாலு முறை அது காகிதமாகப் பிறக்கும்.